வரிசையில் இரண்டாவது ஆள்

மாட்சுமோட்டோ
1989 மே 18

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே நான் நலம். அங்கே உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? போன வாரம் தொலைபேசியில் நாம் பேசியதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. நீங்கள் கத்த, நான் கத்த, கடைசியில் யார் முதலில் ஃபோனை வைத்தது என்றுகூட நினைவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தில் குறுக்கே பேச உங்களால் முடியாதல்லவா?

ஒரு செய்தி. எங்கள் செவ்வாய்க் கூட்டம் இந்தக் கோடையில் குரோஇவா சிகரத்துக்குப் போகிறது. ஆமாம், அதே குரோஇவாதான். தோகு அக்காவின் தோஃபு கடைக்குச் செவ்வாய்தான் விடுமுறை என்பதால் செவ்வாய்க்குச் செவ்வாய் குன்றுகளில் சுற்றிவரத் தொடங்கிய ஆறு பெண்கள் நாங்கள். ஐந்து வருஷத்தில் சுற்றுவட்டாரத்தில் எங்கள் கால் படாத மேடு கிடையாது. இனி உயரம்தான் பாக்கி என்றார் தோகு அக்கா. கூட்டம் கூடிப் பேசி, தலைவியாக யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? என்னை!

தோகு அக்கா முன்னால் நடந்து வழி பார்ப்பார். வரிசையின் கடைசியில் தலைவி நான். கடைசியில் நின்றால்தானே எல்லார் முதுகும் தெரியும், யார் தள்ளாடுகிறார்கள் என்று புரியும்.

ஒரே நாளில் ஏறி இறங்குவதாகத் திட்டம். ஜூலை 25. முந்தின நாள் அடிவாரத்துச் சத்திரத்தில் தங்கி, விடியுமுன் கிளம்புகிறோம். காடு, ஓடை, ஏணிகள். காலைச் சாப்பாடு நேரத்துக்கு உச்சிக்குச் சற்றுக் கீழே, மலையின் தோளில் இருக்க வேண்டும். அதற்கு மேல் சங்கிலி பிடித்து ஏறுகிற பாறை. எங்கே நின்றுகொண்டிருந்தாலும் பதினொரு மணிக்குத் திரும்பிவிட வேண்டும், மதியத்துக்கு மேல் இடி இறங்கும். முழுத் திட்டத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் பழைய மலையேறி. பார்த்து, தப்பு இருந்தால் சொல்லுங்கள். திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சுமியே


பெப்பு
மே 27

அன்புள்ள சுமியேவுக்கு,

இருமல் போய்விட்டது. கம்பெனி விடுதிச் சாப்பாட்டின் உப்பு போகவில்லை.

உன் திட்டத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். அரை மணி நடந்து ஐந்து நிமிடம் உட்காருவதாம்! இது மலையேற்றமா, கல்யாண ஊர்வலமா? ஐம்பது நிமிடம் நட, பத்து நிமிடம் ஓய்வெடு. பல்கலைக்கழகத்தில் நாங்கள் அப்படித்தான் நடந்தோம். ஓடைக்குப் பிறகு தண்ணீர் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் என்பதை மூன்றாக்கு. வறுத்த தோஃபு எதற்கு இத்தனை? கரடிகளுக்கு விருந்தா?

இன்னொன்று. இடையில் யார் எந்த இடத்தில் நடப்பது என்று நீ எழுதவே இல்லை. இது அரிச்சுவடி, சுமியே. ஆட்களில் பலவீனமானவர் யாரோ அவரை இரண்டாவதாக விடவேண்டும், வழி பார்ப்பவரின் முதுகுக்கு நேர் பின்னால். அப்போதுதான் அந்த ஆளின் வேகத்துக்கு வரிசை முழுவதும் இறங்கிவரும். நடுவில் விட்டால் வரிசை அறுந்து போகும்.

பயப்படாதே. நீ ஏற்கெனவே குரோஇவா ஏறியவள்தானே! மகள் கல்யாணத்தில் நம் சம்பந்தியிடம்கூட மார்தட்டிச் சொன்னேன், "பொண்ணோட அம்மாவும் லேசுப்பட்ட ஆளில்ல, குரோஇவா ஏறினவ" என்று. மனிதர் அசந்து போய்விட்டார். இருந்தாலும் ஆறு பெண்களைச் சும்மா அனுப்ப எனக்கு மனசு கேட்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டு வருகிறேன். கடைசி இடத்தில் நான் நிற்கிறேன். நீ நடுவில் சௌகரியமாக நடந்து வா.

இனி முக்கியமான விஷயம். செப்டம்பரோடு எனக்கு ஓய்வு. ஆனால் மேலும் மூன்று வருஷம் இருக்கச் சொல்லிக் கம்பெனியில் கேட்கிறார்கள். தோட்டத்தோடு ஒரு வீடும் தருவார்கள். மாட்சுமோட்டோ வீட்டைக் கொடுத்துவிட்டு இலையுதிர் காலத்துக்குள் நீ இங்கே வந்துவிடு. ஐந்து வருஷம் தனித்தனியாகக் குப்பை கொட்டியது போதும். பதில் எழுது.

உன்,
ஹிசாஷி


மாட்சுமோட்டோ
ஜூன் 5

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

தண்ணீரை மூன்று லிட்டராக்கிவிட்டேன். அது நல்ல யோசனை, நன்றி. தோஃபுவைக் குறைக்க மாட்டேன்.

இதை நேரில் சொல்ல இத்தனை வருஷமாக வாய் வரவில்லை. கடிதத்தில் வருகிறது. நான் குரோஇவா ஏறியதே இல்லை.

நன்றாக யோசித்துப் பாருங்கள். நமக்குக் கல்யாணமான வருஷத்துக் கோடை. நீங்களும் உங்கள் பல்கலைக்கழக மலையேற்றக் கழகத்து நண்பர்கள் நால்வரும், கூடவே நான். வரிசையில் என்னை இரண்டாவதாக விட்டீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, நான்தானே பலவீனமான ஆள். தோள் வரைக்கும் மூச்சு வாங்க வாங்க வந்துவிட்டேன். அங்கே எல்லாரும் முதுகுப்பைகளை இறக்கி வைத்தீர்கள். "சுமியே, நீ இங்கயே உக்காந்து பையெல்லாம் பாத்துக்கோ. காக்கா வந்தா விரட்டு. இதோ வந்துடறோம்" என்றீர்கள். உச்சி அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. நீங்கள் ஐந்து பேரும் சின்னச் சின்னப் புள்ளியாக அதன்மேல் ஏறி நிற்பதைப் பார்த்தேன். குளிர் தாங்காமல் உங்கள் நண்பர் ஒருவருடைய கம்பளிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, குடையால் காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாடிக்கொண்டே இறங்கி வந்து, "உச்சியிலேருந்து உனக்குத்தான்" என்று ஒரு கல்லைக் கொடுத்தீர்கள். ஆரஞ்சுப் பழம் அளவு இருக்கும். அது இன்னும் நம் செருப்பு அலமாரியின் மேல்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நீங்கள் சொல்லச் சொல்ல ஊரெல்லாம் என்னைக் குரோஇவா ஏறியவள் என்றது. சம்பந்தி என்னைப் பார்த்துக் குனிந்து வணங்கியபோது எனக்குத் தரையைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

நான் பொய்க்குப் பாராட்டு வாங்கியது போதும். அந்த உச்சியில் நிஜமாகவே நிற்க வேண்டும். அதற்காகத்தான் ஐந்து வருஷம் செவ்வாய்தோறும் நடந்தேன்.

ஆகவே கடைசி இடம் என்னுடையது. யாருக்கும் தரமாட்டேன். நீங்கள் வருவதென்றால் வாருங்கள், மனசார வரவேற்கிறேன். ஆனால் நீங்கள் மலை ஏறிப் பதினைந்து வருஷம் ஆகிறது. நாங்கள் ஆறு பேரும் வாரம் தவறாமல் ஏறுகிறோம். உங்கள் அரிச்சுவடிப்படியே பார்த்தால் உங்கள் இடம் இரண்டாவது.

பெப்புவுக்கு வருவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு இப்போது பதில் இல்லை. குரோஇவாவிலிருந்து இறங்கிய பிறகு சொல்கிறேன். ஏறாத மலையை ஏறியதாகச் சொல்லிக்கொண்டே இன்னொரு ஊருக்கு மூட்டை கட்ட என்னால் ஆகாது.

இப்படிக்கு,
சுமியே


பெப்பு
ஜூன் 9

சுமியேவுக்கு,

இரண்டாவதா? நானா?

கழகத்துக்கு இரண்டு வருஷம் தலைவனாக இருந்தவன் நான். பனியிலும் பாறையிலும் கடைசியில் நின்று ஆட்களைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவன். இரண்டாவது இடம் யாருக்குத் தெரியுமா? மூச்சு வாங்குகிறவனுக்கு, முழங்கால் நடுங்குகிறவனுக்கு, முதல் தடவை வருகிறவனுக்கு. தோஃபு விற்கிற அம்மாளின் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நடக்க வேண்டுமா?

பையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. காக்கை இருக்கிற மலை அது. அன்றைக்கு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருபத்தெட்டு வருஷம் கழித்துச் சொன்னால் நான் என்ன செய்வது?

நான் வரவில்லை. போய் வா.

ஹிசாஷி


மாட்சுமோட்டோ
ஜூன் 20

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை. ஊறுகாய்க்கு வாங்கிய உமே காய்கள் கூடத்தில் மணக்கின்றன.

உங்கள் கோபக் கடிதம் கிடைத்தது. இரண்டாவது இடம் யாருக்கென்று எனக்குத் தெரியாதா? அந்த இடத்தில் நடந்தவள் நான். அங்கே நடப்பது அவமானம் என்று அன்றைக்கு நீங்கள் சொல்லித் தரவில்லை. இப்போதுதான் சொல்கிறீர்கள்.

இங்கே இப்போது பெண்கள் மத்தியில் ஒரு பேச்சு அடிபடுகிறது. ஓய்வுபெற்று வீட்டோடு வந்துவிட்ட கணவன்மாரை "ஈரச் சருகு" என்கிறார்கள். எப்படிக் கூட்டினாலும் துடைப்பத்தோடு ஒட்டிக்கொண்டு வருமாம். போன செவ்வாய் பாதையில் இதைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. "உன் வீட்டுக்காரர் எப்படி?" என்று தோகு அக்கா கேட்டார். "அவரு சருகு இல்லக்கா, பாறை. நகரவே மாட்டாரு" என்றேன். "பாறைன்னா ஏறிட வேண்டியதுதானே!" என்றார். அவர் வாய்க்கு முன்னால் யார் நிற்க முடியும்?

எங்கள் கூட்டத்து வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாவதாக நடக்கிறவர்தான் உச்சியில் முதலில் கால் வைக்க வேண்டும். கடைசி அடியில் தோகு அக்கா ஒதுங்கி நின்று வழி விட்டுவிடுவார். யார் அதிகம் கஷ்டப்பட்டு வந்தாரோ மலை அவருக்கு முதலில் என்பது அவர் கட்சி. போன வருஷம் முழங்கால் வலியோடு இரண்டாவதாக நடந்தவள் நான்தான். எத்தனை மலையில் முதல் ஆளாகக் கால் வைத்தேன் என்கிறீர்கள்!

இடம் காலியாகத்தான் இருக்கிறது. ஜூலை பத்தாம் தேதிவரை வேறு யாருக்கும் தரமாட்டேன்.

இப்படிக்கு,
சுமியே


பெப்பு
ஜூலை 6

அன்புள்ள சுமியேவுக்கு,

இதை நீ உன் தோஃபு அக்காவிடம் சொல்லக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை, சும்மா கால் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று இங்கே யூஃபு மலைக்குப் போனேன். ஐம்பது நிமிடம் நடந்து பத்து நிமிடம் உட்காருவது என்று கணக்கு. பதினைந்தாவது நிமிடத்தில் ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. அதில் ஒரு வாண்டு என்னைப் பார்த்து, "ஐயா, தண்ணி வேணுமா?" என்று கேட்டது. எனக்கு! கழகத் தலைவனுக்கு! வாங்கிக் குடித்தேன். வேறு என்ன செய்ய?

ஏறாமல் விடவில்லை. அரை மணி நடந்தேன், ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன். கல்யாண ஊர்வலம்தான், ஆனால் உச்சிவரை போனது. இறங்கி வந்து இரண்டு நாள் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன். விடுதிப் பையன்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

லீவு சொல்லிவிட்டேன். வருகிறேன். இரண்டாவதாகவே நடக்கிறேன், போ. ஆனால் வழியில் என்னை அரிச்சுவடி அது இது என்று கிண்டல் செய்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன்.

உன்,
ஹிசாஷி


மாட்சுமோட்டோ
ஜூலை 12

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்த வாண்டுக்கு என் சார்பில் நூறு முறை வணக்கம்.

தலைவியின் உத்தரவு: அலமாரியில் இருக்கிற உங்கள் பழைய தோல் காலணியின் அடிப்பாகம் வாயைப் பிளந்துவிட்டது. அதை நம்பி வராதீர்கள், புதிது வாங்கி இப்போதே போட்டு நடந்து பழகுங்கள். சிகரெட்டைக் குறையுங்கள். 24 அன்று மாலை ஊர் ரயில் நிலையத்தில் தோகு அக்காவின் கடை வண்டியோடு நிற்போம். வண்டியில் தோஃபு வாசனை அடிக்கும், முகத்தைச் சுளிக்கக்கூடாது.

தோகு அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

இப்படிக்கு,
சுமியே


பெப்பு
ஆகஸ்ட் 1

அன்புள்ள சுமியேவுக்கு,

திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. தொடை வலி இன்னும் போகவில்லை, போக வேண்டாம் என்றிருக்கிறது. ரயில் நிலையத்தில் சொல்ல எத்தனையோ இருந்தது. "உடம்ப பாத்துக்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். நீ சொன்னது சரிதான், எழுத்தில்தான் எனக்கும் வாய் வருகிறது.

நீ வரிசையின் கடைசியில் இருந்தாய். அதனால் முன்னால் நடந்த சிலது உனக்குத் தெரியாது.

ஏணிகளில் தோகு அக்கா ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எனக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் சரியாக நின்று, "அடடா, இந்தப் பூவைப் பாருங்க" என்பார். பாதிப் பூவை நான் பார்க்கவே இல்லை, அங்கே பூ இருந்ததா என்பதே சந்தேகம். என் மூச்சுச் சத்தத்தை வைத்தே அவர் வேகத்தைக் குறைத்திருக்கிறார். நான் தலைவனாக இருந்த நாளில் இரண்டாவது ஆளின் மூச்சைக் கேட்டதாக நினைவில்லை.

தோளில் நடந்தது உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். மேலே பாறையில் பையோடு ஏற முடியாது, இங்கேயே இறக்குங்கள் என்றார் அக்கா. ஏழு பைகளும் ஒரே குவியலாகக் கிடந்தன. உச்சி கண்ணுக்கு நேரே தெரிந்தது. படர்ந்து கிடந்த பைன் புதர்மேல் இரண்டு காக்கைகள் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் பாட்டனாரைத்தான் நீ அன்றைக்குக் குடையால் விரட்டியிருப்பாய். உன் கடிதத்தில் படித்த இடம் இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அங்கே உட்கார ஒரு நல்ல கல்கூடக் கிடையாது.

"நான் இருக்கேன். பைகளை நான் பாத்துக்கறேன். நீ போயிட்டு வா, சுமியே" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். நீ என்னவோ கண் கலங்கி நன்றி சொல்லப்போகிறாய் என்று எதிர்பார்த்தேன், அதையும் மறைப்பானேன்! நீயோ ஊசி மாதிரி ஒரு பார்வை பார்த்தாய். "என் வரிசையில பைக்குக் காவல்னு யாரும் கிடையாது. காக்கா தின்னா தின்னுட்டுப் போகட்டும். ரெண்டாவது ஆள், உங்க இடத்துக்குப் போங்க" என்றாய். அந்தக் குரலை நான் இதற்கு முன் கேட்டதில்லை. பனியில் நாங்கள் பார்த்துப் பயந்த பழைய தலைவர்களிடம் இருந்த குரல் அது. என் இடத்துக்குப் போய் நின்றேன்.

கடைசிச் சங்கிலியின் மேலே தோகு அக்கா ஒதுங்கி நின்றார். "போங்க, உங்க மலை" என்றார். எனக்குக் கால் வரவில்லை. நான் இரண்டு தடவை நின்ற உச்சி அது. நீ ஒரு தடவைகூட நிற்காத உச்சி. "சுமியே வரட்டும். அவ ஏறாம நான் ஏற மாட்டேன்" என்றேன். கீழே சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த உன் தோழிகள், "ஐயோ கை வலிக்குது! மேல போய் உருகுங்க!" என்று கூப்பாடு போட்டார்கள். எல்லாருக்கும் அடியிலிருந்து உன் குரல் வந்தது. "யாரு அங்க வழிய அடைச்சுக்கிட்டு நிக்கறது? வரிசையைக் கலைக்காதீங்க! ஏறுங்க!"

ஏறினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மறுபேச்சு பேசாமல் நீ சொன்னதைக் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

உச்சியில் இரண்டு வாலிபர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீ வந்து சேருவதற்குள் அவர்களுக்கும் எனக்கும் நடந்த பேச்சு இதுதான்.

"ஐயா, நீங்கதான் இந்தக் கூட்டத்துக்குத் தலைவரா?"

"இல்லப்பா. நான் ரெண்டாவது ஆள். தலைவி பின்னால வர்றா. என் பொண்டாட்டி."

"ரெண்டாவதா?" என்று ஒருவன் சிரிப்பை அடக்கினான். அவனுக்கு அந்த இடத்தின் அர்த்தம் தெரியும் போலிருக்கிறது.

"ஆமா, ரெண்டாவது" என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். "என்னையே இங்க கொண்டுவந்து சேத்துட்டான்னா அவ எப்பேர்ப்பட்ட தலைவின்னு பாத்துக்க."

அப்போதுதான் உன் தலை பாறைக்கு மேலே தெரிந்தது. முகமெல்லாம் வியர்வை, கன்னத்தில் சங்கிலித் துரு. கை கொடுக்க வந்தேன். "கை வேணாம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாய். ஏறி நின்றாய். சட்டைப் பையிலிருந்து அந்தக் கல்லை எடுத்தாய். ஏழு பைகளையும் கீழே விட்டுவிட்டு வந்தவள் அந்தக் கல்லை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய்! அதை மற்றக் கற்களோடு வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாய். ஒன்றை எழுதிவிடுகிறேன். மனசெல்லாம் பெருமை, சுமியே. நான் ஏறிய எந்த மலையிலும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

பிறகு கீழே வந்தால் காக்கைகள் அத்தனை சோற்று உருண்டையையும் வறுத்த தோஃபுவையும் காலி செய்திருந்தன. தகர டப்பாவிலிருந்த பீச் பழத்தை மட்டும் அவற்றால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரே கரண்டியை ஏழு பேர் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு தின்றோமே, அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. எனக்கு இரண்டாவதாகத்தான் கரண்டி கொடுத்தார்கள். அங்கேயும் வரிசை!

நேற்று அலுவலகத்தில் சொல்லிவிட்டேன். மேலும் மூன்று வருஷம் வேண்டாம், தோட்டத்து வீடும் வேண்டாம், செப்டம்பரோடு முடித்துக்கொள்கிறேன் என்று. மேலாளர் காரணம் கேட்டார். ஊரில் என் மனைவி ஒரு கூட்டத்துக்குத் தலைவி, அவள் அதை விட்டுவிட்டு வர முடியாது என்றேன்.

மலை இறங்கிய பிறகு பதில் சொல்வதாக எழுதியிருந்தாய். என் பழைய கேள்விக்கு இனிப் பதில் வேண்டாம். இப்போது கேள்வி வேறு. நீ இங்கே வருவாயா என்று கேட்கவில்லை. நான் அங்கே வரட்டுமா? ஈரச் சருகாக ஒட்டிக்கொள்ள மாட்டேன் என்று உறுதி சொல்ல முடியாது. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் நிச்சயமாக வீட்டில் இருக்க மாட்டேன், நீங்கள் சேர்த்துக்கொண்டால்.

உன்,
ஹிசாஷி


மாட்சுமோட்டோ
ஆகஸ்ட் 8

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இன்று செவ்வாய். மலைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன், அதனால் இந்தச் சின்ன அஞ்சலட்டை. உங்கள் கடிதத்தைத் தோகு அக்காவிடம் காட்டவில்லை. எனக்கென்று வந்ததை எனக்கென்றே வைத்துக்கொண்டேன்.

செருப்பு அலமாரியின் மேல் கல் இருந்த இடம் காலியாக இருக்கிறது. உங்கள் புதுக் காலணியை அங்கே வைத்துக்கொள்ளலாம்.

அக்டோபர் மூன்றாம் தேதி செவ்வாய் அடுத்த ஏற்றம். தோகு அக்காவின் வீட்டுக்காரரும் வருகிறார். கடையை விட்டு வெளியே தலை காட்டாத மனிதர், "சுமியே வீட்டுக்காரரே ஏறிட்டாரா? அப்ப நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டாராம். இரண்டாவது இடத்தை அவருக்குக் கொடுத்துவிட்டோம்.

நீங்கள் மூன்றாவது.

வரிசையின் கடைசியிலிருந்து,
சுமியே